கைதட்டலுக்குப் பன்னிரண்டு மதிப்பெண்

வியட்நாமில் எங்கள் பூ மி ஹங் தமிழ்ப் பெற்றோர் சங்கம் தன் இசை வகுப்பை நவீனப்படுத்துவதென ஏகமனதாகத் தீர்மானித்தது. எதிர்த்துப் பேச எனக்கு ஆசைதான். அதற்குள் ஃபோ நூடுல் சூப் சுடச்சுட வந்துவிட்டது.

தீர்மானத்தின்படி ஒரு மென்பொருள் வாங்கினோம். யாராவது பாடினால் திரையில் கோடு ஓடும். நேராக ஓடினால் பச்சை, வளைந்தால் சிவப்பு. முடிவில் நூற்றுக்கு மதிப்பெண். பாட்டு டீச்சர் ராக்கம்மை தோடி பாடிக் காட்டினார். திரை முழுக்கச் சிவப்பு.

"என்ன டீச்சர், குரல் ஆடுது?" என்றார் தலைவர் தேனப்பன். கட்டடக் கம்பி வியாபாரி; வளைந்த எதுவும் அவருக்குப் பிடிக்காது.

"அது கமகம்ணே. ஆடலைன்னா தோடியே இல்ல."

"அப்ப ஆடாத ராகமாப் பாத்துப் பாடலாம்ல?"

ஆண்டு விழாவில் எண்பது வாங்காவிட்டால் வேலையும், வேலையை நம்பி இருக்கும் விசாவும் போகும் என்று மேற்படி ஆசிரியைக்கு இதனால் தெரிவிக்கப்பட்டது. எனக்கு அது அநியாயமாகப் பட்டது. கடிதத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பட்டது.

விழாவில் ராக்கம்மை பிடிவாதமாகத் தோடியையே பாடினார். யாரும் செல்போனைத் தொடவில்லை. தேனப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். நாற்பத்தொன்று. நாங்கள் அதைப் பார்க்காமல் எழுந்து நின்று தட்டோ தட்டென்று தட்டினோம்.

அந்த நேரம் வெளியே ஷட்டில் பஸ் 'பீப்' போட்டபடி ரிவர்ஸ் எடுத்தது. திரை அதற்கு நூறு கொடுத்தது. அப்புறம் எங்கள் கைதட்டலுக்கும் மதிப்பெண் போட்டது: பன்னிரண்டு. பயிற்சி போதாது.

பிள்ளைகள் சிரித்தார்கள். எங்கள் முகம் செத்துப்போயிற்று.

"நமக்கா பன்னெண்டு? உடனே ஒரு வகுப்பு வைங்கண்ணே!" என்று தலைவரைப் பார்த்துக் கத்தினோம்.

"வைக்கலாம். யாரு சொல்லிக் குடுக்குறது?"

தேனப்பன் ஆழ்ந்து யோசித்தார். கைதட்டலில் முன் அனுபவம் உள்ளவர் அரங்கத்திலேயே ஒருவர்தான். சற்றுமுன் அவ்வளவும் அவருக்குத்தான் விழுந்தது. ராக்கம்மை கைதட்டல் பயிற்றுநராக நியமிக்கப்பட்டார். விசா பிழைத்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகள் வாசலில் நின்று பஸ்ஸிடம் பாட்டுக் கற்கிறார்கள். உள்ளே பெற்றோர் தட்டுகிறோம். நான் இருபத்தெட்டுக்கு வந்துவிட்டேன். ராக்கம்மை டீச்சர் வாயே திறப்பதில்லை. அவர் குரல் பட்டால் கோடு கெட்டுவிடும்.

போன வாரம் காரைக்கால்காரரான ஜூல் என்ற பெற்றோர், தட்டுவதை நிறுத்திவிட்டு, "டீச்சர், நாம எதுக்குத் தட்டுறோம்?" என்று கேட்டார்.

கோடு சிவந்துவிட்டது. எல்லோருமாகச் சேர்ந்து அவரை வெளியே அனுப்பினோம்.