சிங்காரம் நரியின் கோபுரப் படம்

ஒரு காட்டில், தண்ணீர் லாரி வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் எட்டிப்பார்க்கும் பக்கமாக, வீரணன் என்ற கரடி குடியிருந்தது. மனைவி பூவாயி, குட்டிகள் இரண்டு. மேற்கே அடுத்த வீட்டில் சிங்காரம் என்ற நரி.

இந்த நரி ஆறு வருஷத்துக்கு முன்னால் குடும்பத்தோடு பட்டணம் போய்வந்தது. வானத்தை முட்டும் ஒரு கோபுரத்தின் முன்னால் நின்று எடுத்த படத்தை வாசல் சுவரில் மாட்டியது. அன்றிலிருந்து காட்டில் யாராலும் நிம்மதியாக இரும முடியவில்லை. பட்டணத்தில் இப்படி இருமமாட்டார்கள் என்று நரி சொல்லும். டீயை ஆற்றிக் குடித்தால், பட்டணத்தில் ஆற்றுவதே இல்லை என்று சொல்லும்.

அதையாவது பொறுக்கலாம். அதே வருஷம் நரி தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் ஓணான் பெயர்வரைக்கும் போட்டுவிட்டு வீரணன் பெயரை விட்டுவிட்டது. கேட்டதற்கு, “கடைசியில ‘மற்றும் சுற்றத்தார்’னு போட்டிருக்கே அண்ணாச்சி, அது நீங்கதான்” என்றது. வீரணன் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை.

தானும் பட்டணம் போவது, இதைவிடப் பெரிய படம் எடுத்து மாட்டுவது, நரியின் வாயை அடைப்பது. வீரணன் முடிவு செய்துவிட்டது.

குரங்கு தன் செல்போனில் விசாரித்துச் சொன்னது. தங்கும் அறை ஒரு நாளைக்கு நான்கு குடம் தேன். ஜன்னல் வேண்டுமென்றால் ஆறு. கோபுரத்தில் ஏற ஒரு குடம். இறங்குவது இலவசம், ஆனால் வரிசை உண்டு. ஆளுக்கு மூன்று படிவம் வேறு. ‘வருகையின் நோக்கம்’ என்ற இடத்தில் வீரணன் ‘பக்கத்து வீட்டு நரி’ என்று எழுதியது. உடனே அனுமதி வந்துவிட்டது. அதே காரணத்துக்காகத்தான் பாதிப்பேர் வருகிறார்கள் போலிருக்கிறது.

இருந்த தேனையெல்லாம் குரங்கிடம் முன்பணமாகக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக்கு டிக்கெட் போட்டார்கள்.

ஜோசியம் பார்க்கும் ஆந்தை தலையில் கைவைத்தது. பட்டணம் மேற்கே, வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். பரிகாரமும் அதுவே சொன்னது: புதன்கிழமை நல்ல நேரத்தில் பயண மூட்டையை மேற்கே இருக்கும் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். மூட்டை கிளம்பிவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. ஆனால் வைத்த மூட்டை ஊர் போய்வராமல் வீடு திரும்பக் கூடாது.

மேற்கே இருந்தது ஒரே வீடு. வீரணன் முகத்தைத் திருப்பிக்கொள்ள, பூவாயி வேலிக்கு மேலாக மூட்டையைக் கொடுத்தது. பட்டணத்தில் தண்ணீருக்கும் காசு கேட்பார்கள் என்று கேள்விப்பட்டு, அடுப்பு, அண்டா, அரிசி, ஊறுகாய் ஜாடி, அம்மிக்குழவி என்று எல்லாவற்றையும் அதில் கட்டியிருந்தது.

மத்தியானம் பசித்தது.

“அடுப்பும் மூட்டையோட போயிடுச்சுங்க” என்றது பூவாயி. வீட்டில் விளக்குமாறு மட்டும் இருந்தது. குட்டிகள் அழுதன. மூட்டையைத் திரும்பக் கொண்டுவர முடியாது. வெள்ளிக்கிழமைவரை பட்டினி கிடக்கவும் முடியாது.

ஆறு வருஷத்துக்குப் பிறகு வீரணன் நரி வீட்டு வாசலை மிதித்தது. “நாங்க உன்னைப் பார்க்க வரல. எங்க மூட்டையைப் பார்க்க வந்தோம்.”

மூட்டை கட்டிலுக்கு அடியில் இருந்தது. சின்னக் குட்டி உள்ளே நுழைந்து இழுக்க, கூடவே ஒரு துணிச் சுருளும் உருண்டு வந்து தரையெங்கும் விரிந்தது. வரைந்த வானம், வரைந்த மேகம், வாசல் படத்தில் இருந்த அதே கோபுரம், அதுவும் வரைந்தது. மூலையில் சந்தைப்பேட்டைப் படக்கடையின் முத்திரை. நரியின் மனைவி, பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது. அடுப்பில் பாலே இல்லை.

நரி குனிந்து துணியைச் சுருட்ட ஆரம்பித்தது. பிறகு மெதுவாகச் சொன்னது: “போகத்தான் நினைச்சேன் அண்ணாச்சி. ஜன்னல் இல்லாத அறைக்கே நாலு குடம்னாங்க.”

நல்ல கதை என்றால் இந்த இடத்தில் கரடி காட்டையே கூட்டி நரியின் பொய்யை உடைத்திருக்கும். வீரணனும் அதற்காகத்தான் வாயைத் திறந்தது. ஆனால் ஜன்னலுக்கு ஆறு குடம் என்பது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தது.

“தம்பி, இந்தத் துணி ரெண்டு கரடி, ரெண்டு குட்டிக்குப் போதுமா?”

குரங்கு முணுமுணுத்துக்கொண்டே டிக்கெட்டை ரத்து செய்து தேனைத் திருப்பிக் கொடுத்தது. அதன் வாய்க்கு ஒரு குடம் தனியாகப் போனது. கரடிக் குடும்பம் ஐந்து நாள் நரி வீட்டிலேயே தங்கியது. சொந்த மூட்டையை அவிழ்க்கவே இல்லை. நரி ஆக்கிப் போட்டது. பட்டணம் எப்போது வரும் என்று குட்டிகள் கேட்டன. “இதுதான். சத்தம் போடாமச் சாப்பிடுங்க” என்றது வீரணன்.

ஆறாம் நாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஓடையைச் சுற்றி, பஸ் நிற்கும் பக்கத்திலிருந்து நடந்து வந்தார்கள். அந்தத் துணிக்கு முன்னால் நின்று எடுத்த படம் வாசலில் ஏறியது. நரியின் படத்தைவிட நான்கு விரல் அகலம். இப்போதெல்லாம் காட்டில் யாராவது இருமினால் இரண்டு வீட்டிலிருந்தும் சொல்கிறார்கள்.

படத்துக்குக் கீழே வீரணன் ஒரு நன்றிப் பலகையும் மாட்டியது. அதில் குரங்கு பெயர் இருந்தது, ஆந்தை பெயர் இருந்தது, ஓணான் பெயர்கூட இருந்தது. நரி மூன்று தடவை படித்துவிட்டு, தன் பெயர் எங்கே என்று கேட்டது.

“கடைசியில ‘மற்றும் சுற்றத்தார்’னு போட்டிருக்கே தம்பி” என்றது வீரணன்.

நீதி: பட்டணம் போய்வரப் பணம் வேண்டாம், போகாமலே போய்வந்த பக்கத்து வீட்டுக்காரன் ஒருவன் போதும். அவன் பொய்யை மன்னித்துவிடலாம், பத்திரிகையை மன்னிக்கக் கூடாது.