எம்.டி.யை ஏற்றிக்கொள்ளாத லிஃப்ட்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு மைத்துனன் எழுதிக்கொள்வது. நான் சௌக்கியம், லிஃப்ட் சுமார். அங்கே நீங்கள், அக்கா, பெரியவள், சின்னவன் நால்வரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன். உங்கள் கடிதத்துக்குப் பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபிக்க வேண்டாம். நீங்கள் கேட்டது சின்ன விஷயமாக இருந்திருந்தால் அன்றைக்கே எழுதியிருப்பேன்.

பெரியவளுக்கு இரண்டு இடத்தில் வேலை வந்திருக்கிறது, ஒன்று உங்கள் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், இன்னொன்று நான் லிஃப்ட் பார்க்கும் கட்டடத்தில் ஆறாம் மாடி சாஃப்ட்வேர் கம்பெனி, இரண்டுக்கும் இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், உள்ளேயே இருப்பவன் நீ, உன் அபிப்பிராயம் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நான் உள்ளே இருப்பவன் இல்லை அத்தான். நான் இருப்பது லிஃப்ட் ஓடும் பொந்தில். ஆனால் ஒன்பது வருஷமாக அந்தக் கம்பெனிக்காரர்கள் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டு இருக்கிறேன், ஏனென்றால் லிஃப்டில் ஏறியதும் மெக்கானிக்குக் காது கிடையாது என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கூடவே ஏழு செய்தித் துண்டுகளை வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றதிலிருந்து நீங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைப்பதில்லை என்று அக்கா சொன்னது சரிதான். முதல் துண்டு இன்னும் இரண்டு வருஷத்தில் புரோகிராம் எழுதும் தொழிலே இருக்காது என்கிறது. இரண்டாவது, இரண்டு வருஷத்தில் புரோகிராம் எழுத ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள் என்கிறது. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள், புகைப்படம்கூட ஒன்றுதான். மூன்று, நான்கு, ஆறு, ஏழு எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஐந்தாவது துண்டு மட்டும் நன்றாகப் புரிந்தது. "முன்னணி நிறுவனத்தின் தலைவர் பதவியைப் பறித்தது செயற்கை நுண்ணறிவு: நிபுணர்கள் அதிர்ச்சி" என்று இருக்கிறதே, நீங்கள் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறீர்களே, அது நம் லிஃப்ட் பற்றிய செய்திதான். நடந்ததைச் சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள்.

கட்டடங்களுக்கு மூளை வைப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில். ஊரில் உள்ள கட்டடத்துக்கெல்லாம் வைக்கிறோமே, முதலில் நம் லிஃப்டுக்கே வைப்போம் என்று கிளம்பினார்கள். பட்டன்களைப் பிடுங்கிவிட்டு ஒரு கேமராவும் ஒரு திரையும் மாட்டினார்கள். முகத்தைப் பார்த்ததும் யார், எந்த மாடி என்று அதுவே தெரிந்துகொண்டு கதவைத் திறக்கும், வெளியாளுக்குத் திறக்காது. நான் அவர்களை மொட்டை மாடி அறைக்கு அழைத்துப்போய் மோட்டார், பிரேக், கயிறு எல்லாவற்றையும் காட்டினேன். கண்ணாடி போட்ட ஒருவர் கயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எந்த வெர்ஷன்?" என்று கேட்டார். "கயித்துக்கு வெர்ஷன் கிடையாது சார், தேஞ்சா மாத்தணும்" என்றேன். அதைக் கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டார். இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் பிரேக்கைச் சரி செய்தால் முதலில் நான் ஏறிப் பார்ப்பேன். அவர்கள் ஒன்றைச் சரி செய்தால் முதலில் என்னை ஏற்றிப் பார்ப்பார்கள்.

இரண்டு மாதத்தில் லிஃப்ட் நன்றாகவே படித்துவிட்டது. ஆபீஸ் நேரம் ஒன்பதரை, ஆனால் ஆட்கள் வருவது பத்தேகாலுக்கு. அதைப் பார்த்துப் பார்த்து, ஒன்பதரைக்கு யாரும் வர மாட்டார்கள் என்று முடிவு கட்டி அதுவும் ஆறாம் மாடியில் படுத்துக்கொண்டது. கணக்குப் பிரிவு அம்மா ஒருத்தர்தான் தினமும் சொன்ன நேரத்துக்கு வருகிறவர், அவருக்கு முழங்கால் வலி வேறு. அவரைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று லிஃப்ட் தீர்மானித்துவிட்டது. பாவம், ஒன்பது வருஷம் தாமதமே இல்லாமல் வந்ததற்குப் படி ஏறினார். புகார் சொன்னதற்கு, "மேடம், நீங்க கொஞ்சம் லேட்டா வந்து பாருங்களேன்" என்றார்களாம்.

அந்தச் சமயத்தில்தான் ஆள் குறைத்தார்கள். புரோகிராமை இனி மெஷினே எழுதும் என்று பதினோரு பேரை அனுப்பினார்கள். அனுப்பும் முறை என்னவென்றால், மத்தியானம் மூன்று மணிக்கு ஹெச்.ஆர். மேடம் ஓர் ஆளோடு லிஃப்டில் இறங்குவார், அந்த ஆள் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும், மேடம் மட்டும் திரும்பி வருவார். பதினோரு தடவை இதைப் பார்த்த லிஃப்ட், மேடத்தோடு பெட்டியும் கையுமாக இறங்கித் திரும்பாதவர் இனி கம்பெனியில் இல்லை என்று தானாகவே தெரிந்துகொண்டு, மேடம் சொல்வதற்கு முன்பே ஆள் பட்டியலிலிருந்து பெயர்களை நீக்க ஆரம்பித்தது. இதை யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. ஆறாம் மாடியே பூரித்துப்போய் கேக் வெட்டினார்கள், எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு எம்.டி. ஓர் அட்டைப்பெட்டியோடு லிஃப்டில் ஏறினார். பெட்டியில் இருந்தது அவர் வீட்டுக்கு வாங்கிய மிக்ஸி. ஹெச்.ஆர். மேடம் எதிர்க் கடையில் மூக்குக்கண்ணாடியைப் பழுது பார்க்கக் கொடுக்கப் போனவர், வழியில் கூட ஏறிக்கொண்டார். எம்.டி. அப்படியே காரில் வீட்டுக்குப் போய்விட்டார். மேடம் மட்டும் திரும்பி வந்தார்.

புதன்கிழமை காலை எம்.டி. வந்து நின்றார், கதவு திறக்கவில்லை. திரையில் "இதுவரை எங்களோடு பணியாற்றியதற்கு நன்றி. அடையாள அட்டையை வாசலில் ஒப்படைக்கவும்" என்று வந்தது. எம்.டி. சிரித்தார். வாட்ச்மேன் சிரிக்கவில்லை, கையை நீட்டினார். "யோவ், நான் யாருன்னு தெரியல?" "தெரியும் சார். மெஷின் சொல்லுது சார். நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க." அட்டையை வாங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டார். எம்.டி. ஆறு மாடி ஏறினார். மேலே கண்ணாடிக் கதவு, அது திறக்க அட்டை வேண்டும். தட்டினார். உள்ளே நாற்பது பேர் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். எம்.டி. இனி கம்பெனியில் இல்லை என்று லிஃப்ட் அதற்குள் எல்லோருடைய போனுக்கும் செய்தி அனுப்பியிருந்தது. அத்தனை பேரும் துக்கம் விசாரிக்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார்கள், ஓர் ஆள்கூட எழுந்து வந்து திறக்கவில்லை. நான் அப்போது மாடிப்படியில் பல்பு மாற்றிக்கொண்டிருந்தேன், எல்லாவற்றையும் ஏணியில் இருந்து பார்த்தேன்.

கடைசியில் டீம் லீடர் ஒருவர் கதவை ஒரு சாண் திறந்து அதன் வழியே கை கொடுத்தார். "உங்க அனுபவத்துக்கு எங்க வேணாலும் கிடைக்கும் சார்." "என்னய்யா உளறுறே? நான் எங்கேயும் போகல!" "ஆரம்பத்துல எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க. மனசைத் தளர விடாதீங்க." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தியவர், எம்.டி. நாற்காலிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டார் என்று மத்தியானம் லிஃப்டில் பேசிக்கொண்டார்கள். ஹெச்.ஆர். மேடத்தை வரவழைத்தார்கள். அவர் தன் மெயிலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எனக்கே தகவல் வரலன்னா, இது ரொம்ப மேலிடத்துல எடுத்த முடிவா இருக்கும்" என்றார். அதோடு கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் எல்லோருக்கும் போய்விட்டது. பன்னிரண்டு மணிக்கெல்லாம் யாரோ பத்திரிகைக்குச் சொல்ல, நிபுணர்கள் அதிர்ச்சி அடைந்தார்கள்.

இரண்டு மணிக்கு எம்.டி. படியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலையில் இருந்த சிரிப்பு இல்லை. "உங்களுக்கு ஏதாவது தெரியுமா? மேலிடத்துல பேசிக்கிட்டாங்களா?" என்று என்னிடம் கேட்டார். போனில் பயோடேட்டா எழுத ஆரம்பித்திருந்தார். தெரிந்த வேலைகள் என்ற இடத்தில் நின்றுவிட்டது. "உங்களுக்கு என்ன சார் தெரியும்?" என்றேன். "மீட்டிங் போடுவேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை அத்தான். "முதலாளிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுடலாமே சார்" என்றேன். "கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா?" என்றார். அரை மணி நேரம் அந்தப் போனைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பேசினார். முதலாளியும் செய்தியைப் பார்த்துவிட்டு, நீதான் சொல்லாமல் ராஜினாமா செய்துவிட்டாய் என்று நினைத்தேன், வேறு ஆள் தேட ஆரம்பித்துவிட்டேன் என்றாராம்.

சரி, லிஃப்டைத் திருத்தினார்களா என்று கேட்பீர்கள். இரண்டு நாள் எட்டுப் பேர் உட்கார்ந்து தேடினார்கள். யாரும் எழுதாததை எங்கே என்று தேடுவது? கடைசியில் எம்.டி. முகத்தை மூன்று பக்கமும் படம் எடுத்து, இந்த முகம் வந்தால் எதையும் யோசிக்காமல் திற என்று ஒரு வரி சேர்த்து, பிரச்சினை தீர்ந்தது என்று எழுதி முடித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு இன்றைக்கும் அதே லிஃப்ட்தான். ஹெச்.ஆர். மேடம் உள்ளே வந்தால், எந்த மாடியாக இருந்தாலும் எல்லோரும் இறங்கிக்கொள்கிறார்கள். அன்றைக்கு அனுப்பிவிட்ட பதினோரு பேர் எழுதி வைத்தது என்ன என்று இப்போது யாருக்கும் விளங்காமல், அதைப் படித்துச் சொல்லப் புதிதாக ஒன்பது பேரை எடுக்கிறார்கள். அந்த ஒன்பதில் ஒருத்திதான் நம் பெரியவள்.

ஆகையால் அத்தான், என் அபிப்பிராயத்தை மூடி மறைக்காமல் சொல்கிறேன். அனுப்ப வேண்டாம். வேலை போகும், வரும், அது எந்தத் தொழிலிலும் உண்டு. எதிரில் ஓர் ஆள் நின்று நான் இருக்கிறேன் என்று கத்தும்போது, நாற்பது பேர் அவரைப் பார்க்காமல் போனைப் பார்த்தார்களே, அந்தக் கூட்டத்தில் நம் பெண் நாற்பத்தோராவதாக உட்கார வேண்டாம். டீச்சர் வேலைக்கே சரி என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். மாமன் சொன்னதாகவே சொல்லுங்கள், கோபித்துக்கொண்டால் என்னோடு பேசாமல் இருக்கட்டும்.

அக்காவுக்கு என் வணக்கம். உங்கள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம், கத்தரிக்கோலைக் கொஞ்சம் ஓய்வெடுக்க விடுங்கள். சின்னவன் நன்றாகப் படிக்கட்டும். பெரியவள் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தலை நிமிர்ந்து உட்கார என் ஆசி.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்

பி.கு.: கவரை ஒட்டப்போகும் நேரத்தில் பெரியவள் வந்து நின்றாள். "சும்மா உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் மாமா" என்றாள். வந்தது நல்லதாயிற்று, கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டும் என்று லிஃப்ட் வாசலுக்கு அழைத்துப்போனேன். "பாரும்மா, லிஸ்ட்ல பேரு இல்லன்னா, நீ நாள் பூரா நின்னாலும் கதவு திறக்காது" என்று சொல்லி வாய் மூடுவதற்குள் கதவு திறந்துவிட்டது. திரையில் "நல்வரவு, ஆறாம் மாடி" என்று வந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் செருப்பைப் பார்த்தாள். போன வெள்ளிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டாளாம்.

"அப்பா என்கிட்ட யோசனை கேட்டிருக்காரேம்மா?" என்றேன். "கேக்கட்டும்னுதான் மாமா விட்டேன். நாலு பேரைக் கேட்டாத்தான் அவருக்கு மனசு ஆறும்" என்றாள். இந்தக் கடிதத்தைக் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து முழுவதும் படித்தாள், பயோடேட்டா இடத்தில் மட்டும் சிரித்தாள். படித்து முடித்துவிட்டு, "ஒருத்தர்கூடவா மாமா முழுசாத் திறந்து உள்ள விடல? நான் திறந்திருப்பேன்" என்றாள். திறந்திருப்பாள் அத்தான். சின்ன வயசிலிருந்து பார்க்கிறேனே, எனக்குத் தெரியாதா. அதனால் மேலே எழுதியதையெல்லாம் வேறு யாரோ ஒருவர் பெண்ணுக்கு எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தை அவளிடமே கொடுத்து அனுப்புகிறேன்.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நீங்கள் கையைப் பிசைய வேண்டாம். கையெழுத்துப் போட்ட அன்று கூட வந்ததே அக்காதானாம். சின்னவனுக்கும் தெரியுமாம். லிஃப்டுக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாமல் இருந்தது நீங்களும் நானும்தான்.