வாசல்திரையில் மூன்று வாத்து

மதிப்பிற்குரிய தொகுஜிரோ அண்ணாவுக்கு,

டோக்கியோவிலிருந்து தங்கை கிகுனோ வணங்கி எழுதுவது. இங்கே பிளம் பூத்தாயிற்று, குளிர்தான் கிளம்ப மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. அங்கே கூரைப் பனியை இந்த வருடமாவது ஆள் வைத்துத் தள்ளினீர்களா, இல்லை நீங்களே ஏறி இடுப்பைப் பிடித்துக்கொண்டீர்களா? அண்ணிக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. நாலு பக்கத்தில் ஒரு பக்கம் கண்ணீர், மூன்று பக்கம் கோபம். நம் ஊர்க் கொட்டகையில் ஊரோடு உட்கார்ந்து படம் பார்த்தீர்களாம், மதுக்கடை நடத்தும் விதவை ஒருத்தி படாத பாடு படுகிறாளாம், அவள் கடை வாசலில் தொங்கிய நீலத் திரையில் நம் குடும்பச் சின்னமான மூன்று வாத்தும் இருந்ததாம், “ஐயோ, இது நம்ம கிகுனோ கதை!” என்று நீங்கள் போட்ட சத்தத்தில் படம் ஓட்டுகிறவர் பயந்துபோய் விளக்கையே போட்டுவிட்டாராம். அண்ணா, திரை என்னுடையதுதான். என் கணவர் போனபின் நான் கடை திறந்த அன்று நீங்கள் அனுப்பியது. திரைக்குப் பின்னால் நடந்தது எதுவும் என்னுடையது இல்லை.

போன இலையுதிர் காலத்தில் சினிமாக்காரர்கள் பத்து நாளைக்குக் கடையைக் கேட்டார்கள், கொடுத்தேன். இயக்குநர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்களப் பாத்தா கஷ்டப்படுற பொம்பள மாதிரியே இல்லையேம்மா” என்றார். “விடியுறதுக்குள்ள மீன் சந்தைக்குப் போறேன், முள்ளங்கி சீவுறேன், அடுப்புல நிக்குறேன், குடிச்சவன வண்டியேத்தி அனுப்புறேன். இதுக்கு மேல என்ன கஷ்டம் வேணும் உங்களுக்கு?” என்றேன். “அதெல்லாம் வேலைங்க. கஷ்டம் வேற” என்றார். நடிகைக்கு முள்ளங்கி சீவத் தெரியவில்லை, ஆகவே படத்தில் சீவுகிற கை மட்டும் என் கை. அழுகிற முகம் அந்தப் பெண்ணுடையது. நீங்கள் அந்த முகத்தைப் பார்த்து அழுதீர்கள், கையைக் கவனிக்கவே இல்லை.

அந்த அழுகையை எடுத்த கதையைக் கேளுங்கள். வாசலில் திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம், எடுத்து உள்ளே வைத்தால் மூடியாயிற்று. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும், சினிமாக்காரர்களுக்குத்தான் தோன்றவில்லை. படத்துக்காகத் திரையைத் தொங்கவிட்டார்கள். நடிகை விம்ம ஆரம்பித்தார். ரயில்வேயில் ஓய்வுபெற்ற குவாபாரா ஐயா, பதினோரு வருட வாடிக்கை, திரையை விலக்கிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். “ஏம்மா அழுவுற? யாரு என்ன சொன்னா? கிகுனோ, இந்தப் பொண்ணுக்குக் குழம்புலேர்ந்து ஒரு முட்டை எடுத்துக் குடு!” நடிகை சிரித்துவிட்டார். மறுபடி எடுத்தார்கள். மறுபடி திரை, மறுபடி குவாபாரா ஐயா. “வெளிய போங்க பெரியவரே!” என்று இயக்குநர் கத்தினார். “திரைய எடுங்க, போறேன்” என்றார் அவர். ஆறாவது தடவை இயக்குநரே ஒரு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். படத்தில் ஒரு அண்ணன், பத்தொன்பது வயதுத் தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவளைக் குடிகாரனுக்குக் கட்டிவைக்கிறான். அந்த இடத்தில் கொட்டகையே உங்கள் பக்கம் திரும்பிப் பார்த்ததாம். நான் யாரிடமும் மூச்சு விடவில்லை. பூஜை மாடத்தில் அப்பா அம்மா பெயர் எழுதி வைத்துக் கும்பிடுகிற பலகைமேல் சத்தியம். எந்த அண்ணன்தான் கேட்டான்? கதை எழுதுகிறவருக்கு இதை ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா?

இத்தனைக்கும் பிறகு, வசந்தம் பிறப்பதற்குள் கடையை மூடிவிட்டு வா, மிசோ விழுது வியாபாரி ஒகுமுராவிடம் உன் கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த முறையும் நீங்கள் என்னைக் கேட்கவில்லை. எனக்கு நாற்பத்து நாலு வயது. நான் வரமாட்டேன் அண்ணா. எட்டுப் பேர் உட்காரும் கடைதான், ஆனால் இதில் யார் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்கிறவள் நான். ஒகுமுரா ஐயா என்னைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் மாலை ஐந்துக்கு மேல் வரட்டும். திரை தொங்கினால் உள்ளே வரலாம். விலை எல்லாருக்கும் ஒன்றுதான்.

இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அடுப்பைக் கவனித்துக்கொண்டே எழுதியதால் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிடிவாதக்காரத் தங்கை,
கிகுனோ

பி.கு.: பலகைமேல் செய்த சத்தியம் உறுத்துகிறது. நான்தான் சொன்னேன். கதை எழுதுகிறவர் பத்து நாளும் மூலையில் உட்கார்ந்து எனக்கு ஊற்றிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது கிண்ணத்தில் கல்யாணக் கதை வெளியே வந்துவிட்டது. நாலாவதில் இன்னொன்றும் சொன்னேன். கல்யாணம் முடிந்து என்னை ரயிலேற்றிய அன்று பிளாட்பாரத்தில் நீங்கள் குனிந்து செருப்பு வாரைக் கட்டிக்கொண்டே இருந்தீர்கள், ரயில் நகரும்வரை நிமிரவில்லை. வார் அறுந்திருக்கவே இல்லை, எனக்கு அப்போதே தெரியும். அதையும் படம் பிடித்தார்கள். இதைப் பார்த்தால் ஜனங்கள் அண்ணனை மன்னித்துவிடுவார்கள் என்று இயக்குநர் வெட்டிவிட்டார். ஐந்து தடவை படம் பார்த்தேன், ஐந்து தடவையும் அது இல்லாமல் போன இடத்தில்தான் அழுதேன். திரை நைந்துவிட்டது அண்ணா. புதியது ஒன்று அனுப்புங்கள், அதே மூன்று வாத்தோடு.