நரிக்கு வாங்கிய எல்க் துவக்கு

துவக்குச் சூட்டுக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்த ஒருவன், ஐம்பது வயதில் டென்மார்க்கில் சொந்தமாக ஒரு துவக்கு வாங்கினான். அந்த மடையன் நான்தான். வேறு யாரும் சொல்லி நீங்கள் அறிவதற்கு முன்னர் நானே சொல்லிவிடுகிறேன்.

வைலே நகரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டிகளோடு பெட்டியாகப் பத்தொன்பது வருடம் வேலை செய்திருந்தேன். ஒக்டோபர் பிறந்தால் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒரே பேச்சுத்தான், வேட்டை. யார் எந்தக் காட்டில் எதைச் சுட்டார், யாருடைய நாய் எங்கே தொலைந்தது. நான் மேசையின் கடைசித் தொங்கலில் இருந்து புட்டைக் குழைத்துக்கொண்டு, எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில் சிரிப்பேன். (விளங்கினால்தானே நேரத்துக்குச் சிரிக்கலாம்.) பத்தொன்பது வருடம் இப்படிச் சிரித்தால் எவனுக்கும் வாய் கசக்கும்.

அந்த வருடம் அவர்களின் நரி வேட்டைக் குழுவில் ஒருவர் ஓய்வு பெற்று ஸ்பெயினுக்குப் போய்விட, எட்டுப் பேரில் ஓர் இடம் காலியானது. எங்கள் மேற்பார்வையாளர் கார்ஸ்டன்தான் குழுவுக்கும் தலைவர். வேட்டை அனுமதி எடுத்தால் நீயும் வரலாமே என்று கோப்பியைக் கிண்டியபடி சொன்னார். அது பகிடியா உண்மையா என்று நான் விசாரிக்கவில்லை. மறுநாளே அனுமதிச் சோதனைக்குப் படிக்கப் பதிந்துவிட்டேன். குடியுரிமைச் சோதனையை விட அது கஷ்டம். அதில் வாத்துகளின் பெயரெல்லாம் கேட்பார்கள்.

என் மனைவி கௌரி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சுடுறதெண்டா ஊரிலயே நிண்டிருக்கலாமே?" மகள் டெனிஷில் ஏதோ சொல்லிவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையோடு மேலே போய்விட்டாள். நரி பாவம் என்பது அதன் சாரம். அப்பா பாவம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

துவக்கு வாங்கும் கட்டத்தில் கௌரியின் தம்பி சிவா இஷொய் நகரிலிருந்து வந்து சேர்ந்தான். வாழ்நாளில் ஒரு எலியைக்கூடத் துரத்தியறியாதவன், ஆனால் சாமான் வாங்குவதில் அவன் சொல்லே வேதம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குப் பனிச்சப்பாத்து எடுத்தால் இரண்டு அளவு பெரிதாக எடுப்போம், வளருகிற பிள்ளை என்று. சிவா துவக்கையும் அப்படியே பார்த்தான்.

"அத்தான், எடுக்கிறதெண்டா ஒரேயடியாப் பெரிசா எடுங்கோ. இண்டைக்கு நரி, நாளைக்கு மான், பிறகு சுவீடனில எல்க். ஒண்டோட எல்லாம் முடிஞ்சிடும்."

எல்க் என்பது குதிரையளவு உயரமான மான். அதை விழுத்துகிற துவக்கைத்தான் வாங்கினேன். நரிக்கா என்று கடைக்காரர் இரண்டு தரம் கேட்டார். எல்லாத்துக்கும் என்றேன். வியாபாரி அல்லவா, மூன்றாம் தரம் கேட்கவில்லை. என்ன துவக்கு என்று கார்ஸ்டன் விசாரித்தபோதும் நான் வாய் திறக்கவில்லை. நேரில் கண்டு பிரமிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை என்னை விருந்தாளியாக அழைத்தார்கள். விடியற்காலை கௌரி மனம் மாறி, துவக்கைச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைக்கச் சொன்னாள். புதுக் கார் என்றாலும் புது ஃபிரிஜ் என்றாலும் எங்கள் வீட்டில் அதுதான் முறை. பிடியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, துவக்குக்கும் எனக்கும் என் புது அங்கிக்கும் சாம்பிராணி காட்டினாள். "ஆரையும் சுடாமல் திரும்பி வந்தாலே எனக்குக் காணும்," என்றாள்.

குழுவின் மரக்கொட்டிலில் கார்ஸ்டன் முதலில் சுவரைக் காட்டினார். ஏழு நரித்தோல்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு பெயர். ஒருவர் சுடும் முதல் நரியின் தோல் அங்கே தொங்கும். ஸ்பெயினுக்குப் போனவர் தன் தோலையும் கழற்றிக்கொண்டு போனதால் எட்டாவது ஆணி வெறுமையாக இருந்தது. அது உனக்கு என்றார். நான் அந்த ஆணியைத் தொட்டுப் பார்த்தேன். குடியுரிமைக் கடிதத்தைக்கூட நான் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை.

என்னோடு ஒரு மரக் கோபுரத்தில் ஏறி, காயப்பட்ட முயல் மாதிரிக் கத்துகிற ஊதுகுழலைக் கார்ஸ்டன் ஊதினார். இரண்டு மணித்தியாலம் ஊதியும் ஒரு நரியும் வரவில்லை. அவர் விரலை நனைத்துக் காற்றைப் பார்த்தார். பிறகு மூக்கை உறிஞ்சி, என்ன வாசனை என்று கேட்டார். எங்கள் சமயம் என்றேன். சமயம் என்றால் டெனிஷ்காரர் மேலே கேட்கமாட்டார்கள். கோயில் ஒன்று மரத்தில் ஏறி இருந்தால் எந்த நரி வரும்?

கடைசியில் சாம்பிராணி எட்டாத பக்கத்தால் ஒரு நரி வந்தது. அறுபது மீட்டரில் நின்று எங்களைப் பார்த்தது. நான் நீட்டிய துவக்கின் வாய் எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் கார்ஸ்டன் கவனித்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் சுட்டுவிட்டேன்.

கோபுரம் ஆடியது. தோள்மூட்டு இன்றைக்கும் மாரிக்குளிரில் வலிக்கிறது. நரி நின்ற இடத்தில் தலை இருந்தது, கொஞ்சம் தள்ளி வால் இருந்தது. இடையில் இருந்ததைப் பற்றி நான் எழுதமாட்டேன். ஆணியில் தொங்கவிட ஒரு தோல் மிஞ்சவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

வேட்டை முடிந்தால் சுட்டதையெல்லாம் ஊசியிலைக் கிளைகளின் மேல் வரிசையாகக் கிடத்தி, தொப்பி கழற்றி, கொம்பு ஊதி மரியாதை செய்வது அவர்கள் வழக்கம். மற்றவர்களின் மூன்று நரிகள் நித்திரை கொள்வதுபோல் கிடந்தன. கார்ஸ்டன் ஒரு தீவனப் பையிலிருந்து என்னுடையதை எடுத்துத் தலையை ஒரு கிளையிலும் வாலை மறு கிளையிலும் வைத்தார். கொம்பு ஊதுபவர் கொஞ்சம் தயங்கி, பிறகு முழு நரிக்குரிய மெட்டையே ஊதினார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தப்பியிருப்பேன். முடிவில் கை குலுக்கி, நல்ல நாள், நன்றி என்று சொல்லி வாலை என் கையில் தந்தார்கள்.

பிறகு வேட்டைக்கு யாரும் கூப்பிடவில்லை. சாப்பாட்டு மேசையில் மட்டும் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் என் முன்னாலேயே இந்தக் கதை சொல்லப்படுகிறது. இப்போது நான் நேரத்துக்குச் சிரிக்கிறேன். எங்கள் சொந்தத்தில் யார் பெரிய டீவியோ பெரிய சட்டியோ வாங்கினாலும், "இது நரிக்கே, எல்க்குக்கே?" என்று கேட்பார்கள். முதலில் கேட்பவன் சிவா. (அவன் சொல்லித்தான் வாங்கினேன் என்பது அவன் சொல்லும் கதையில் இல்லை.)

போன வருடம் கார்ஸ்டனின் இருபத்தைந்தாம் வருட வெள்ளி மணவிழாவுக்குத் தொழிற்சாலை முழுவதையும் அழைத்திருந்தார்கள். அதே கொட்டில். எட்டாவது ஆணி இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. உள்ளே வந்தவுடன் என் குளிர் அங்கியை அதில் கொழுவித் தொங்கவிட்டேன். கார்ஸ்டன் வந்து, புன்னகையோடு, அதைக் கழற்றி மடித்து என் கையில் தந்தார். இந்த ஆணி குழுவுக்கு ஒதுக்கியது என்றார்.

பக்கத்தில் நின்ற கௌரி பார்த்துக்கொண்டிருந்தாள். நரிக்கதையை ஊருலகமெல்லாம் சொல்லிச் சிரிப்பவள், இதை மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.