நிறுவனர் வட்டு

வரைபடத்தில் மடிப்பு விழும் இடத்தில் ஆழிநாடு என்றொரு நாடு இருந்தது. அணையின் மதகுகள் முதல் ஆஸ்பத்திரிகள் வரை அங்கே எல்லாவற்றையும் ஒரு லினக்ஸ் கணினிதான் கவனித்துக்கொண்டது. தினமும் காலையில் அரசு மரியாதையோடு அதை நிறுத்தி மறுபடி இயக்குவார்கள். முன்பெல்லாம் உடனே எழுந்துவிடும். நாளடைவில் அது எழவே மதியமாயிற்று. அதுவரை மதகுகள் அசையாது.

அமைச்சரவை சும்மா இருக்கவில்லை. அந்தத் தாமதத்துக்குத் தேசிய மௌனம் என்று பெயர் வைத்தது. மௌன வேளையில் தண்ணீர் கேட்பது குற்றமாயிற்று. திரையில் பிழைச் செய்திகள் ஓடுவது நாட்டுக்கு இழுக்கு என்று, தகவல் சேமிக்கும் வட்டுகளைச் சோதிப்பதையே தடை செய்தது.

தலைமைப் பொறியாளர் செங்கமலம் தானே உட்கார்ந்து ஆராய்ந்தார். நாட்டின் மறைந்த நிறுவனர் பெயரில் ஒரு வட்டு இருந்தது. பழுதாகி, அதை எப்போதோ கழற்றியாயிற்று. கணினி எழும்போது அதற்காகக் காத்திருக்கச் சொல்லும் கட்டளையை மட்டும் யாரும் நீக்கவில்லை. பதவிக்கு வந்த ஒவ்வோர் அமைச்சரும் மரியாதை கருதிக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டியிருந்தார்.

அதைவிட மோசமான கோளாறு இன்னொன்று. அடிக்கடி தேவைப்படும் விவரங்களைக் கணினி கேஷ் என்ற நகலாகக் கைவசம் வைத்திருக்கும். அந்த நகல் கெட்டுப்போனதால், அணையின் நீர்மட்டம் திரையில் கோடைகால அளவிலேயே நின்றது. வெளியே அடைமழை.

அவர் முதன்மை அமைச்சர் வரகுணரிடம் போனார்.

"அந்த வட்டு இப்போ இல்லீங்க. இல்லாத ஒண்ணுக்காகத்தான் தினமும் காத்துக்கிட்டிருக்கோம்."

"இல்லைன்னு நீங்க சொல்லலாம்," என்றார் வரகுணர். "அரசாங்கம் சொல்ல முடியாதும்மா."

செங்கமலம் திரும்பி வந்தார். பழி வேறு யார்மீதும் விழக் கூடாதென்று உதவியாளர்களை வெளியே அனுப்பினார். பென் டிரைவிலிருந்து கணினியை இயக்கி, அந்தக் கட்டளையை நீக்கினார். மற்ற வட்டுகளைச் சோதித்துப் பிழைகளைச் சரிசெய்தார். கெட்ட நகலைத் துடைத்தார்.

கணினி கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தது. நீர்மட்டம் விளிம்பைத் தொட்டிருந்தது. மதகுகளைத் திறந்துவிட்டு, ஆற்றோரத்து மணல்வாய் ஊருக்குப் போன் போட்டார். கடைசி வீடு காலியாகும்வரை போனை வைக்கவில்லை. மதகுகள் போதாமல் மாலையில் அணையின் கரை உடைந்தது. ஊர் போயிற்று, ஆள் ஒருவரும் போகவில்லை.

அடுத்த வாரம் விசாரணை. அவர் தொடும்வரை அணை பாதுகாப்பாகத்தான் இருந்தது, தொட்ட பிறகே நிரம்பியது என்று அரசுத் தரப்பு வாதிட்டது.

"தண்ணி அதுக்கு முன்னாடியே ஏறியிருந்துச்சுங்க," என்றார் செங்கமலம். "நான் பார்த்தேன், அவ்வளவுதான்."

அமைச்சரவை அதற்குள் பழைய நகலையே கணினியில் ஏற்றியிருந்தது. அதன்படி வெள்ளமே வரவில்லை. ஆகவே யாரும் காப்பாற்றப்படவும் இல்லை. செங்கமலத்துக்குப் பதவி நீக்கம்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டபோது மண்டபத்தின் பின்வரிசைகளில் சலசலப்பு எழுந்தது. காப்பாற்றப்படாத மணல்வாய் மக்கள் அத்தனை பேரும், குழந்தைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவருக்காக எழுந்து நின்றார்கள்.