ஓக்லஹோமா வானில் ஒரு பிரியாணி வாக்குமூலம்

எனக்கு இடது எது, வலது எது என்று இன்றுவரை சட்டென்று சொல்லத் தெரியாது. (சோறு சாப்பிடும் கையை மனதுக்குள் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் காரைத் திருப்புவேன்.) அப்படிப்பட்டவள் டெக்ஸாஸின் ரிச்சர்ட்சனில் வேலை பார்த்துக்கொண்டே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். கணவர் நிஜாம் தடுக்கவில்லை. மேலே டிராஃபிக் கம்மிதானே என்றார்.

பயிற்சி தந்த ஜிம், ஃப்ளைட் சர்வீஸ் பற்றி உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார். விமானத்தில் தபால் போன காலத்தில் வழியெங்கும் சின்னச் சின்ன ரேடியோ அறைகள் இருந்தனவாம். அடுத்த ஊரில் மழையா, மூடுபனியா என்று விசாரித்து விமானிக்குச் சொல்ல அங்கே ஆள் இருப்பாராம். பிறகு விமான நிலையங்களிலேயே கவுன்ட்டர் வைத்தார்கள். காபி குடித்துக்கொண்டே மேகங்களைப் பற்றிக் கேட்டுவிட்டுக் கிளம்பலாம். அப்புறம் பலவற்றை ஒன்றாக்கி, போனிலும் ரேடியோவிலும் குரலாக மட்டும் இருந்தார்கள். வழி தவறினால் கூச்சப்படாமல் அவர்களைக் கூப்பிடு என்றார் ஜிம். நான் மரியாதைக்குத் தலையாட்டினேன்.

அது செல்போனில் மேப் வராத காலம். தனியாக ஒரு பக்கத்து ஊருக்குப் பறந்து திரும்ப வேண்டும். போகும்போது ஒழுங்காகத்தான் போனேன். திரும்பும்போதுதான் அந்த மேகங்கள் வந்தன. இலவம்பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் சின்னச் சின்ன மேகங்கள். அவற்றின் நிழல்கள் கீழே புல்வெளிகளின் மேல் சத்தமில்லாமல் நகர்ந்தன. மாட்டுக் குட்டைகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டின. என்ஜின் ஒரே சுருதியில் தாலாட்ட, நான் ஒரு நிழலைப் பிடித்துக்கொண்டு அது போன திசையிலேயே போனேன். செம்மண் நிறத்தில் வளைந்து வளைந்து ஒரு ஆறு வந்தது. எவ்வளவு அழகு என்று ரசித்தபடி அதைத் தாண்டினேன். (அதுதான் ரெட் ரிவர். டெக்ஸாஸ் அத்தோடு முடிகிறது, அந்தப் பக்கம் ஓக்லஹோமா.)

கனவு கலைந்தபோது கையிலிருந்த வரைபடத்துக்கும் கீழே தெரிந்த பூமிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. வீட்டில் மாமியாரிடம் விட்டுவந்த மகளின் முகம் நினைவுக்கு வந்தது. ஃப்ளைட் சர்வீஸைக் கூப்பிட்டேன்.

பதில் சொன்ன பெண்மணியின் குரல் கம்பளிப் போர்வை மாதிரி இருந்தது. மைக் பட்டனை அழுத்திக்கொண்டு ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொன்னார். உன் குரல் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று இங்குள்ள கருவி காட்டும், எண்ணிவிட்டுப் பட்டனை விட்டுவிடு என்றார்.

பயத்தில் இங்கிலீஷ் பறந்துவிட்டது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தமிழில் எண்ணினேன். பத்து வந்தது. பட்டனிலிருந்து விரல் வரவில்லை. வாய் தானாகத் தொடர்ந்தது.

"யா அல்லாஹ், என்னை எப்படியாவது எறக்கி விட்டுடு. இனிமே பொய்யே சொல்ல மாட்டேன். பெருநாளைக்கு எல்லாரும் புகழ்ந்தாங்களே, அந்த பிரியாணி நான் ஆக்கினது இல்ல. ஃபிரிஸ்கோல ஒரு அக்காகிட்ட ஆர்டர் பண்ணி, எங்க சட்டியில மாத்தி வச்சேன். மாமி கீழக்கரைக்கே போன் போட்டுப் பெருமையா சொல்லிட்டாங்க. அதுக்கும் மன்னிச்சிடு."

விரல் மரத்துப்போய்த்தான் விட்டேன்.

அருமையான, நீண்ட சிக்னல் என்று அந்தப் பெண்மணி பாராட்டினார். கருவிக்கு மொழி முக்கியமில்லையாம். ஒன் செவன் ஜீரோ, அதாவது கிட்டத்தட்ட நேர் தெற்கே, திரும்பச் சொன்னார். நான் மூச்சு விடுவதற்குள் அதே அலைவரிசையில் ஒரு ஆண் குரல், நிதானமான சென்னைத் தமிழில்:

"கேட்டுச்சாம்மா? ஒன் செவன் ஜீரோ. மெதுவா திரும்புங்க, பயப்படாதீங்க. பிரியாணி மேட்டர் நமக்குள்ளயே இருக்கட்டும்."

அவர் சிவராமன் அங்கிள். வார இறுதிகளில் சொந்த விமானத்தில் பறக்கும் இதய டாக்டர், அன்றும் மேலேதான் இருந்தார். எங்கள் பெருநாள் விருந்தில் அந்த பிரியாணியை மூன்று தட்டு சாப்பிட்டவர். இறங்கியதும் அவர் தன் மனைவியிடம் மட்டும்தான் சொன்னாராம். ஆன்ட்டியும் ஒரே ஒருவரிடம்தான் சொன்னாராம்.

அந்தப் பெண்மணி அடிக்கடி பேசிப் பேசியே என்னை ஆற்றைத் தாண்டவைத்து, ஓடுபாதை தெரியும்வரை கூட்டிவந்தார். சக்கரம் தரையைத் தொட்டபோது அழுதேன். அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுக் கதவைத் திறந்தால், விசிட்டுக்கு வந்திருந்த மாமியார் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். கை கால் முழுசாக இருக்கிறதா என்று தொட்டும் பார்த்தார். அப்புறம்தான் கேட்டார்: "அல்லாஹ்கிட்ட சொன்னே, சரி. அதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

நிஜாம் சிரிப்பை அடக்கக் குளியலறைக்குள் போனவர், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அந்தத் திசைகாட்டும் கருவிகள் இப்போது இல்லை. எல்லார் மடியிலும் ஒரு திரை, அதில் நாம் இருக்கும் இடம் நீலப் புள்ளியாக நகர்கிறது. நானும் மாமியிடமே பிரியாணி கற்றுக்கொண்டு, பல பெருநாள்களாக என் கையாலேயே ஆக்குகிறேன். ஒருவரும் நம்புவதில்லை. சட்டியைத் திறந்ததும் சிவராமன் அங்கிள் கண்ணை மூடி மணத்தை இழுத்துவிட்டு, வருடம் தவறாமல் சொல்கிறார்:

"நீ பத்து வரைக்கும் எண்ணும்மா. இது எங்கேருந்து வந்துச்சுன்னு நாங்களே கண்டுபிடிச்சுக்கறோம்."