ஞாயிற்றுக்கிழமைச் சுவர்

பிழைக்க வெளிநாடு போன குடும்பங்கள் மனிதகுலத்துக்கு வழங்கிய மகத்தான கொடை, ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பு. மற்ற கொடைகள் குறித்து ஆய்வு நடக்கிறது.

அந்த வீட்டில் ஒரு சுவருக்கு மட்டும் வண்ணம் பூசியிருந்தார்கள். கேமரா பார்க்கும் சுவர். கிடங்கில் பெட்டி தூக்கும் அப்பா, அதன் முன் கோட்டுப் போட்டு அமர்ந்ததும் 'மேலாளர்' ஆவார். கீழே அரைக்கால் சட்டை. அது சபைக்கு வராது.

ஊரிலிருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வாராவாரம் ஒரே கேள்வியை எழுப்பினார்: "தம்பி, பொண்ணுக்கு ஏதாச்சும் அமைஞ்சுதா?"

குடும்பம் அவசரமாகக் கூடித் தீர்மானம் நிறைவேற்றியது. மகள், தான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையிலிருந்து லென்ஸ் தேய்ப்பவனை 'மாப்பிள்ளை'யாக அழைத்து வந்தாள். ஞாயிறு மட்டும்.

"மூக்கு எடுப்பா இருக்கு. கேமராவுக்கு நல்லது," என்று அம்மா ஒப்புதல் அளித்தார்.

"கண் டாக்டர்னு சொல்லிடுங்க," என்றார் அப்பா.

"பொய் மாப்பிள்ளைக்குத்தானே ஒத்துக்கிட்டேன், சார்? பொய் டாக்டர் தனி வேலையாச்சே."

"ரெண்டுக்கும் ஒரே சோபாதான். உட்காருங்க."

அழைப்பு சீரும் சிறப்புமாக நடந்தது. 'டாக்டர்' என்று கேட்டதும் அத்தை தன் இடது கண்ணைத் திரை முழுக்கக் கொண்டுவந்து நிறுத்தும்வரை.

"ஓரமா மறைக்குது மாப்பிள்ளை. ஒண்ணுமில்லைதானே?"

அப்பா மேசைக்கடியில் அவன் காலை மிதித்தார். "சொட்டு மருந்துன்னு சொல்லுங்க."

அவன் கண்ணைப் பார்த்தான். "அத்தை, நான் டாக்டர் இல்லை. கண்ணாடி தேய்க்கிறவன். நாளைக்கே நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. தள்ளிப் போடாதீங்க."

திரை அணைந்தது. குடும்ப மானமும் கூடவே போனது. மகள் மட்டும் அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்; நிறுத்த முடியவில்லை.

"அப்பா, எனக்கு இவர்தான் வேணும். நிஜமா."

"நிஜமாவா?" அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இந்த வீட்லயா?"

பெருந்தன்மையான குடும்பம். கல்யாணத்தையே பண்ணி வைத்தது. அவன் கேமரா முன் வரக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. "கொஞ்ச நாளைக்குத்தாம்மா," என்றார் அப்பா. அவளும் நம்பினாள்.

அடுத்தடுத்த ஞாயிறுகளில், சோபாவில் அவள் பக்கத்தில் அப்பாவின் கிடங்குக் கணக்கர் 'மாப்பிள்ளை'யாக உட்கார்ந்தார், வெள்ளைக் கோட்டில். கேமராவுக்குப் பின்னால் அவள் புருஷன் விளக்கைப் பிடித்து நின்றான்.

அத்தைக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கண்ணே போயிருக்குமாம் தம்பி! இப்பதான் எல்லாம் பளிச்சுனு தெரியுது. அந்தப் புளுகனைத் துரத்தினியே, நல்ல காரியம். இவர் முகத்தைப் பாரு, என்ன ஒரு உண்மை!"

வெளிச்சம் நடுங்கியது. மகள் எழப் போனாள். அப்பா அவள் கையை அழுத்திப் பிடித்து, அக்காவைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்:

"விளக்கை ஆட்டாதீங்க மாப்பிள்ளை. பொய் தெரியுது."